ஐம்பத்தேழாம் கதவு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மணிக்கட்டில் போட்ட மாவுக்கட்டைப் பிரித்து ஒரு வாரம் ஆகிறது. விரல் மரத்துப்போகாமல் இருக்க தினம் பத்து வரியாவது எழுத வேண்டுமாம். ஐந்தாவது வரை படித்தவளுக்கு எழுத என்ன இருக்கிறது என்று கேட்டேன். மருமகள் அரசி, மருந்துக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரியைக் கொண்டுவந்து வைத்தாள். "உங்களுக்கு யார் யார் மேல கோவமோ அவங்களப் பத்தி எழுதுங்க அத்தை. பக்கம் பத்தாது" என்றாள். கொழுப்பு.

அவளுக்கும் இந்த மாதம் எழுத்து வேலைதான். எங்கள் குடியிருப்பை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டித் தரப்போகிறார்கள். மொத்தம் 212 வீடு. ஆதியில் வீடு ஒதுக்கியபோது எழுதி, பேர் மாற்றிக் கொடுத்தால் திருத்தி வந்த பழைய பட்டியலில் என்ன பேர் இருக்கிறதோ, போன மாதம் வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பிலும் அதே பேர் இருக்க வேண்டும். "ஒதுக்கீடு யார் பேரில்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டும் ஒத்துப்போனால் புது வீடு. போகாவிட்டால் ஆக்கிரமிப்பு என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒத்துப் பார்க்கும் வேலையைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையில் கட்டியாயிற்று. சங்கச் செயலாளர் அரசி. கடைசி நாள் 29.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதிவேடு பார்க்கிறவள் அவள். அங்கே கற்றதை வைத்து வீட்டுக் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து வைத்திருக்கிறாள். படம் கிடையாது, பொத்தான் கிடையாது, வெறும் எழுத்து.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கதவு எண்ணை வைத்து இரண்டு பட்டியலையும் சேர்த்தாள். 212 வர வேண்டிய இடத்தில் 19 வந்தது.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம், எந்தப் பத்தொன்பது என்று கேட்டேன். வாசித்தாள். ஒன்று முதல் ஒன்பது. அப்புறம் தொண்ணூறு முதல் தொண்ணூற்றொன்பது.

"நடுவுல உள்ளவங்கள்லாம் செத்தா போயிட்டாங்க? வரிசைய வாசிடி."

பழைய பட்டியலை வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக வந்தது. புதுப் பட்டியல் ஒன்று, பத்து, நூறு, நூற்றொன்று என்று ஓடியது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது தாண்டித்தான் இரண்டு வந்தது.

"இது என்ன வரிசை? மோட்டார்த் தண்ணிய இந்த வரிசையில விட்டிருந்தா ரெண்டாம் நம்பர்க்காரி என்னை வெட்டியிருப்பா."

முப்பது வருடம் இந்தக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார்ச் சாவி என் இடுப்பில்தான் இருந்தது. எந்தக் கதவுக்கு அடுத்து எந்தக் கதவு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால்தான் அவள் கணினிக்குக் கொடுத்த கட்டளை சேர்க்குமாம். இரண்டு பேர் ஆளுக்கொரு பட்டியலை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே விரலை ஓட்டுவதுபோல. விரல் திரும்ப மேலே போகாது. ஒரு முறை தாண்டிவிட்டால் அந்த வீடு போனதுதான். வரிசை சரியில்லை என்று கணினி ஒரு வரி திட்டியும் இருக்கிறது. இவள்தான் பார்க்கவில்லை.

சோறு வடித்துவிட்டு வந்து, இரண்டையும் ஒரே மாதிரி அடுக்கிச் சேர்த்தாள். 212.

ஆகஸ்ட் 6, புதன்

கேழ்வரகு அரைக்கக் கொடுத்தேன். பெருவிரல் வலிக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

கதவு எண் சேர்ந்துவிட்டது. பேர்தான் சேரவில்லை. பழைய பட்டியலில் "ராமையா", புதியதில் "இராமய்யா". கணினிக்கு இவர்கள் இரண்டு ஆள். ஒருவர்தான் என்று சொல்ல ஆள் வேண்டும். அரசி ஒவ்வொன்றாக வாசிக்க, நான் ஆமாம், இல்லை என்று சொன்னேன். அதைத் தனியாக ஒரு கோப்பில் எழுதி, மறுபடி சேர்த்தாள். சாயங்காலத்துக்குள் ஏழு தவிர எல்லாம் ஒத்துப்போனது.

"அத்தை, உங்கள அப்படியே ஒரு கோப்புல ஏத்திட்டா போதும்" என்றாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மீதி ஏழு.

கதவு 23: பழைய பேர் செல்லையா, புதுப் பேர் பரமன். செல்லையாவுக்குப் பிள்ளை இல்லை, தங்கை மகனைத் தத்து எடுத்தான். எடுத்த அன்று கேசரி போட்டார்கள். எனக்கு மட்டும் வரவில்லை.

கதவு 88: இரண்டு பேரும் ஒருவனே. பேச்சி, வேலைக்குப் போன இடத்தில் பிரகாஷ் என்று மாற்றிக்கொண்டான். என் அரிவாள்மனை இன்னும் அவன் வீட்டில்தான் இருக்கிறது.

131, 140, 176, 203 எல்லாம் சொல்லிவிட்டேன். யார் எந்த மாதம் வந்தார், எந்தச் சாமானோடு வந்தார், ஆதாரம் எந்தப் பெட்டியில் இருக்கும் என்பது வரைக்கும்.

கதவு 57. கணக்கெடுப்பில் இருப்பது லூர்தம்மாள், செத்துப்போன புருஷன் பேர் சவரிமுத்து. பழைய பட்டியலில் வேறு பேர்.

அரசி அந்தப் பேரை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா பேரு மாதிரி இருக்கே?"

அதே பேரில் வேறொரு ஆள் இருந்தான், தேனிப் பக்கம் போய்விட்டான் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

லூர்து மேல் எனக்கு என்ன கோபம் என்று அரசி கேட்டாள். எழுதிவைக்கிறேன்.

1994 பங்குனியில் அடிபம்பில் அத்தனை பேர் முன்னால் என்னை "கீழ்வீட்டு மகாராணி" என்றாள். 2001-இல் என் மகன் தவமணி கல்யாணத்துக்கு வந்தாள், சாப்பிடாமல் போனாள். 2010-இல் என் வீட்டுக்காரர் செத்தபோது மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், இறங்கி வந்து என் கையைப் பிடிக்கவில்லை. கடைக்குப் போய் வரும்போதெல்லாம் எங்கள் வாசலுக்கு நேரே படியில் நின்று மூச்சு வாங்குகிறாள். நான் கேட்க வேண்டும் என்றே வாங்குகிறாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அரசி மூன்றாவதாக ஒரு பட்டியல் வாங்கி வந்திருக்கிறாள். யாருக்கு ஒதுக்கியது, பிறகு யார் பேருக்கு மாற்றியது என்கிற பதிவேட்டின் நகல். அதில் தகப்பன் பேரும் கையெழுத்தும் இருக்கிறது. அதையும் கதவு எண்ணை வைத்துச் சேர்த்திருக்கிறாள். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தை, 57-ல இருந்தவரு தகப்பன் பேரு சுப்பையா."

"இருக்கும்."

"நம்ம வீடு 9-க்கும் அதே பேரு, அதே தகப்பன் பேரு, அதே கையெழுத்து. 1991-ல 9-ஆம் நம்பர் சவரிமுத்து பேருல இருந்து மாமா பேருக்கு மாறியிருக்கு."

"கம்ப்யூட்டரு தப்பா சேத்திருக்கும். அன்னைக்குப் பத்தொம்போது போட்டுச்சுல்ல?"

"வரிசை தப்பா இருந்தா வீடு விட்டுப்போகும் அத்தை. இல்லாத கையெழுத்தைக் கொண்டாந்து போடாது." அப்புறம், "எல்லாருக்கும் அரிவாள்மனை வரைக்கும் சொன்னீங்க. தேனிக்குப் போன ஆளுக்குப் பொண்டாட்டி பேருகூட சொல்லலையே" என்றாள்.

வேன் ஓட்டிவிட்டு வந்த தவமணி பாதியில் கேட்டுவிட்டான். "அப்பா பேருல ரெண்டு வீடா? அப்ப புதுசுலயும் நமக்கு ரெண்டு வருமா?" முகமெல்லாம் வெளிச்சம். மகளுக்குக் கல்யாணம் ஆனால் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றான். அவன் இவ்வளவு சந்தோஷப்பட்டுப் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

ஆகஸ்ட் 13, புதன்

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மைதானத்தில் கொடி ஏற்றினார்கள். லூர்து ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்து இறங்கி வந்தாள். இரண்டு முழங்காலும் வெளிப்பக்கம் வளைந்துவிட்டது. நேராக அரசியிடம் வந்தாள்.

"எம் பேரு சேந்துருச்சா தாயி?"

"பாத்துக்கிட்டிருக்கோம் பெரியம்மா."

"பாக்க என்ன இருக்கு? முப்பத்து நாலு வருசமா அந்தப் படியத் தேய்ச்சிருக்கேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "படி சாட்சி சொல்லாது. காகிதம் இருக்கா?" என்று கேட்டேன்.

லூர்து திரும்பினாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "காகிதமா? நீயா கேக்குற, பஞ்சவர்ணம்?" கையிலிருந்த ஆரஞ்சு மிட்டாயை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "சாப்புடு. வாய் கசந்து கெடக்கு உனக்கு."

இத்தனை பேர் முன்னால். 1994-க்குக் கீழே இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தவமணி புதுக் கட்டடத்தின் வரைபடத்தை எங்கிருந்தோ வாங்கி வந்து, இரண்டு வீட்டைப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.

1991 ஆடி. என் வீட்டுக்காரர் சுமைதூக்கும் வேலையில் இருந்தார். லாரியின் பின்கதவு விழுந்து வலதுகால் முழங்காலோடு போயிற்று. அப்போது நாங்கள் 57-இல் இருந்தோம். மூன்றாவது மாடி, ஐம்பத்திரண்டு படி. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கீழே மைதானத்தில் கட்டிலைப் போட்டு இரண்டு நாள் கிடத்தி வைத்திருந்தோம். மூன்றாம் நாள் 9-ஆம் நம்பர் சவரிமுத்து வந்தார். "அண்ணே, நீங்க இங்கன இருங்க, நாங்க மேல போயிடுறோம்" என்றார். லூர்து தன் சாமான்களைத் தலையில் வைத்து ஏற்றினாள். அப்போது அவள் வயிற்றில் ஐந்து மாதம்.

அவ்வளவுதான். மாற்றிக்கொண்டோம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விட்டுப்போனதையும் எழுதிவிடுகிறேன், விரலுக்குப் பயிற்சிதானே.

மோட்டார் போட்டால் மூன்றாவது மாடிக் கடைசிக் கதவுக்குத் தண்ணீர் ஏற இருபது நிமிடம் பிடிக்கும். பதினெட்டில் நிறுத்துவேன். மோட்டார் சூடாகிறது என்று சொல்வேன். அந்தக் குழாயில் கடைசிக் கதவு 57.

மோட்டார் சூடாகவும்தான் செய்தது.

ஆகஸ்ட் 20, புதன்

அரசி விடுவதாக இல்லை. நான் துவைத்த துணியைக் கொடியில் போடும்போது வந்து நின்றாள்.

"211 வீடு முடிஞ்சிருச்சு அத்தை. ஒத்துப்போகாததுன்னு தனிக் கோப்பு ஒண்ணு வச்சிருக்கேன். அதுல ஒரே ஒரு வரிதான் இருக்கு."

"அனுப்பிவிடு. உங்க சட்டப்படி என்னவோ செய்யட்டும்."

"ரெண்டும் ஒத்துப்போகலைங்கிறதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஏன் போகலைன்னு அதுக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இந்தக் குடியிருப்புல ரெண்டே பேரு. ஒருத்தங்க மேல இருக்காங்க. அவங்க சொன்னா காகிதம் கேப்பாங்க. நீங்க சொன்னா அது உங்களுக்கே எதிரான சாட்சி. அதை யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"உம் புருஷனுக்கு ரெண்டு வீடு வருது. உனக்குக் கசக்குதா?"

"இனிக்குது அத்தை. அதான் பயமா இருக்கு."

ஈரத்துணியை அவள் மேல் எறிந்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

வீடு மாற்றிக்கொண்டபோது இரண்டு மனு எழுதினோம். 9-ஐ எங்கள் பேருக்கு மாற்ற ஒன்று, 57-ஐ அவர்கள் பேருக்கு மாற்ற ஒன்று. இரண்டிலும் இரண்டு ஆண்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஒரே நாளில் இரண்டையும் கொடுப்பதாகப் பேச்சு. நான்தான் என் வீட்டுக்காரரிடம், ஒன்றை இப்போது கொடுங்கள், மற்றது அப்புறம் என்றேன். பிள்ளை வளர்ந்தால் அவனுக்கும் ஒரு வீடு வேண்டாமா என்று நினைத்தேன். அவர் முணுமுணுத்தார். அப்புறம் வரவே இல்லை. தீபாவளி வேலையின்போது அந்த மனுவை அடுப்பில் வைத்தேன். விறகு ஈரம், சீக்கிரம் பிடிக்கவில்லை. காகிதம் வைத்ததும் பிடித்தது.

அரசி எல்லாவற்றையும் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். வெள்ளைத்தாள் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். "உங்க கையாலயே எழுதுங்க. மாமா பேரையும் எழுதணும்."

கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பேரை வாயால் சொன்னதில்லை, கையால் எழுதியதும் இல்லை. எழுதினேன். முத்திருளன். நான்கு தடவை வந்தது அந்த மனுவில்.

தவமணி வந்ததும் அரசி சொன்னாள். அவன் என்னிடம் வந்து, "ஏம்மா, இத்தனை வருசம் சொல்லாதவ இன்னும் ஏழு நாள் சொல்லாம இருக்கக் கூடாதா?" என்றான். வரைபடத்தை மடித்து எங்கோ வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மனுவில் லூர்து கையெழுத்தும் வேண்டும். அவள் இறங்கி வரட்டும் என்றேன். அரசி பார்த்த பார்வையில் செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

ஐம்பத்திரண்டு படி. மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். 1991-க்குப் பிறகு நான் அந்த மாடி ஏறியதே இல்லை.

கதவு திறந்துதான் இருந்தது. லூர்து தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சமையல்கட்டு ஓரமாகப் பதினோரு குடம். எண்ணினேன். ஒரு ஆளுக்குப் பதினோரு குடம்.

அரசி மனுவை வாசித்துக் காட்டினாள். லூர்து அவரைக்காயை நிறுத்தவில்லை. அடுப்பில் வைத்த இடம் வந்தபோது மட்டும், "ம்" என்றாள்.

"உனக்கு ஆச்சரியமா இல்லையா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

"எதுக்கு? எனக்கு அப்பவே தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"உன் வீட்டுக்காரரு வந்து சொன்னாரு."

இங்கே வந்தா என்று கேட்டேன். அவர் எப்படி இங்கே வர முடியும்.

"இங்கனதான். தீபாவளி கழிஞ்ச மறுவாரம். நீ ரேசன் கடைக்குப் போயிருந்த. ஒத்தக் காலை வச்சுக்கிட்டு, உக்காந்து உக்காந்து, பின்பக்கமாத் தள்ளித் தள்ளி மூணு மாடியும் ஏறி வந்தாரு. சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சு. இந்த வாசப்படியில உக்காந்து, 'தங்கச்சி, இப்படி ஆயிப்போச்சு, புதுசா எழுதித் தர்றேன்'னாரு. எங்க வீட்டுல அவரு, 'வேணாம்ணே, உங்க வீட்டுல சண்டை வரும், நமக்குள்ள என்ன காகிதம்'னுட்டாரு. அவருதான் அண்ணன முதுகுல தூக்கிக் கீழ கொண்டாந்து விட்டாரு."

"நீ என்கிட்ட கேட்டிருக்கலாம்ல? முப்பத்து நாலு வருசத்துல ஒரு நாள் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அந்த மனுசன் ஏறி வந்தது உனக்குத் தெரிஞ்சு போயிருக்கும். அவரு சாகுற வரைக்கும் அதுக்காகக் கேக்கல. செத்தப்பறம் கேக்கலாம்னு பாத்தேன். உன் மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணல."

கையைப் புடவையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். எனக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி இல்லை. நறுக்கிய காயை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ஆகஸ்ட் 25, திங்கள்

அந்த ரேஷன் நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மண்ணெண்ணெய் பாதிதான் ஊற்றினான், சண்டை போட்டுவிட்டு வந்தேன். அவர் கட்டிலில் ஈரச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். ஏன் இப்படி வேர்த்திருக்கிறது என்றேன். புழுக்கம் என்றார். ஐப்பசியில் என்ன புழுக்கம் என்று கேட்டேன். சிரித்தார். மண்ணெண்ணெய்க்காரன் மேல் இருந்த ஆத்திரத்தில் மேற்கொண்டு கேட்கவில்லை.

எல்லாம் ஞாபகம் இருந்தும், அந்த ஈரச்சட்டையை எதோடும் சேர்த்துப் பார்க்கவில்லை நான்.

அதற்கப்புறம் பத்தொன்பது வருடம் என் கையால் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேற்றிலிருந்து லூர்து மேல் இருந்த கோபத்தைத் தேடிப் பார்க்கிறேன். அவர் மேல்தான் வருகிறது.

ஆகஸ்ட் 27, புதன்

தவமணி சாப்பிட்டான். பேசவில்லை. ரசத்துக்கு உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னான். அதுவும் பேச்சுதான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பட்டியலைக் கொடுத்தாயிற்று. காலையில் அனுப்புவதற்கு முன் அரசி என்னைக் கூப்பிட்டுக் கடைசி முறையாகச் சேர்த்துக் காட்டினாள். 212. ஒத்துப்போகாதவை என்று பேர் வைத்திருந்த கோப்பைத் திறந்தாள். கறுப்புத் திரையில் ஒன்றுமே இல்லை. "இதுக்குத்தான் அத்தை இம்புட்டும்" என்றாள். 57-க்கு நேரே லூர்தம்மாள். சான்றுக்கு என் மனு.

சாயங்காலம் மசங்குகிற நேரத்துக்கு லூர்து வந்தாள். ஒப்புகைச் சீட்டில் அவள் பிரதியை வாங்கிக்கொள்ள வந்திருந்தாள். அரசி இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. நான் உள்ளே கட்டிலில் படுத்திருந்தேன். விளக்குப் போடவில்லை.

"யாரு இருக்கா உள்ள?"

"நான்தான். சீட்டு அலமாரி மேல இருக்கு. வந்து எடுத்துக்க."

வரக் காணோம். திரும்பிப் போய்விட்டாளோ என்று நினைத்தேன். அப்புறம் ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தாள். இன்னொரு காலையும் வைத்தாள். இருட்டில் தடுமாறவில்லை. நிலையைத் தாண்டியதும் அவள் கை தானாக இடப்பக்கச் சுவருக்குப் போய், தோள் உயரத்தில் தடவியது. மேலே தடவியது, கீழே தடவியது. அவள் இருந்தபோது சுவிட்ச் அங்கேதான் இருந்தது. நாங்கள்தான் வலப்பக்கத்துக்கு மாற்றிவிட்டோம்.

எழுந்து போய் நான் போட்டேன்.